அந்த ‘கே’யைக் கொண்டுவந்த அம்மா

மூன்றரை வயசு மகளுக்கு எல்.கே.ஜி. அட்மிஷன். காலை எட்டரை மணிக்கு இன்டர்வியூ. ஏழு மணிக்கே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “இன்டர்வியூ உங்களுக்கா, அவளுக்கா?” என்றாள் மனைவி.

“ரெண்டு பேருக்கும்தான். அப்பா அம்மா என்ன படிச்சிருக்காங்கன்னு கேப்பாங்களாம்.”

“அப்ப நீங்க வாயைத் திறக்காதீங்க. நான் பார்த்துக்கறேன்.”

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். (கிடைத்த சீட் நிலைக்க வேண்டாமா?) வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதில் இருபது அப்பாக்கள், கோயில் திருவிழாவில் மாலை போட்ட ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பேங்க்காரர். பொழுது போகாமல் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“சார், எல்.கே.ஜி.ன்னா என்ன?”

“லோயர் கே.ஜி.”

“அந்த கே.ஜி.?”

அவர் தன் பையன் முதுகில் தொங்கிய பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கிலோகிராம்தான் சார். வேற என்ன?”

சிரித்து முடிப்பதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே நடந்ததைச் சொன்னால் என் மானம் போகும். ‘ஏ ஃபார்?’ என்று கேட்டதற்கு என் மகள் ‘அப்பா’ என்று சொல்லி என்னைக் கையைக் காட்டினாள் என்பது மட்டும் போதும். எப்படியோ சீட் கிடைத்தது. பணம் கட்டி, ரசீது வாங்கி, வீட்டுக்கு வந்து சேர்ந்தும் அந்த ‘கே’ என்னை விடவில்லை.

கிண்டர்கார்ட்டன். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஆனால் அது இங்கிலீஷே கிடையாது, சுத்தமான ஜெர்மன் என்பது? ‘கிண்டர்’ என்றால் குழந்தைகள். ‘கார்ட்டன்’ என்றால் தோட்டம். இங்கிலீஷ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்று விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்குகிறோமே, அந்த முதல் சீட்டுக்கே ஜெர்மன் பெயர்!

சரி, யார் இதை ஜெர்மனியிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தது என்று தேடப்போய், ஒரு பெண்மணியிடம் மாட்டிக்கொண்டேன். பெயர் மார்கரெத் மேயர். கல்யாணத்துக்குப் பிறகு மார்கரெத் ஷுர்ட்ஸ். இரண்டு வாரமாக ஆபீஸ் ஃபைலைவிட அதிகமாக இந்த அம்மாவின் கதையைத்தான் படித்திருக்கிறேன். (மேலதிகாரி இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவும்.)

1833-ல் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். வசதியான குடும்பம். அப்பா ஹைன்ரிஹ் மேயருக்கு ஊரில் வேறு பெயர்: ‘ஸ்டாக்மேயர்’. தமிழில் சொன்னால் ‘தடி மேயர்’! கோபக்காரர் என்பதால் அல்ல. கைத்தடி செய்து விற்றே பெரிய தொழிலதிபரானவர் அவர். வாத்தியார் என்றால் ஆண், அவர் கையில் ஒரு பிரம்பு என்று இருந்த காலம். தடி வியாபாரியின் மகள்தான் பிற்பாடு பிரம்பே இல்லாத ஒரு வகுப்பறையைக் கடல் தாண்டிக் கொண்டுபோனாள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மார்கரெத்துக்கு 16 வயது இருக்கும்போது ஹாம்பர்க்குக்கு ஒரு கிழவர் வந்தார். ஃப்ரீட்ரிஹ் ஃப்ரோபெல். வயது 67. ஊரில் இருந்த படித்த பெண்கள் ஒன்றுசேர்ந்து பாடம் நடத்த அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற சொல்லை உண்டாக்கியவரே இவர்தான், அது 1840-ல். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்த மனிதர். சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்தைத் திணிக்காதே, விளையாட விடு, பாட விடு, கையால் எதையாவது செய்ய விடு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், களை எடுக்கலாம். பிடித்து இழுத்தால் உயரமாகுமா?

அதோடு நிற்கவில்லை. குழந்தை கையில் என்ன கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தார். முதலில் ஆறு கலரில் கம்பளி நூல் பந்துகள். அடுத்து மரத்தில் ஓர் உருண்டை, ஓர் உருளை, ஒரு கனசதுரம். அதற்கடுத்து எட்டுத் துண்டாகப் பிரியும் ஒரு கட்டை. பிரித்தால் எட்டு நாற்காலி, சேர்த்தால் ஒரு வீடு, தள்ளினால் ரயில். இவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘பரிசுகள்’. பிறகு கைவேலைகள்: காகிதம் மடிப்பது; கலர் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, நம் ஊரில் பாய் முடைவது போல ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துப் பின்னுவது; அட்டையில் ஊசியால் புள்ளி குத்தி நூல் கோத்துப் படம் தைப்பது; ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகி வீடு, நாற்காலி கட்டுவது; களிமண் பிசைவது.

இதையெல்லாம் சொல்லித்தருவதற்குப் பெண்கள்தான் ஏற்றவர்கள் என்றார் ஃப்ரோபெல். மார்கரெத்தும் அவளுடைய அக்கா பெர்த்தாவும் அவரிடம் பாடம் கேட்டார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் பியானோ வாசித்துக்கொண்டு மாப்பிள்ளைக்குக் காத்திருக்க வேண்டிய வயதில் இந்தப் பெண் காகிதம் மடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் அரசாங்கம் நுழைகிறது. நுழையாமல் இருக்குமா? 1851 ஆகஸ்ட்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டனுக்குத் தடை போட்டது. காரணம், அது நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகிறதாம். பட்டாணியிலும் குச்சியிலும் எங்கே இருக்கிறது சோஷலிசம்? விஷயம் என்னவென்றால், ஃப்ரோபெலுக்கு கார்ல் ஃப்ரோபெல் என்று ஓர் அண்ணன் மகன். அவர் புரட்சிக் கருத்துள்ளவர். ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தார். மந்திரி இரண்டு ஃப்ரோபெலையும் போட்டுக் குழப்பிக்கொண்டார். பெயர்க் குழப்பத்தில் ஆள் மாறி மெமோ வாங்கிய ஆபீஸ் நண்பர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். கிழவர் எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். நடக்கவில்லை. 1852 ஜூனில் இறந்துபோனார். தடையை நீக்கியது 1860-ல்.

ஜெர்மனியில் கதவு சாத்தியதால்தான் தோட்டம் வெளிநாட்டுக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டும். அக்கா பெர்த்தா தன் முதல் கணவரைப் பிரிந்து, திருச்சபை விலக்கி வைத்த ஒரு பாதிரியாரான ரோங்கெயை மணந்துகொண்டு லண்டனில் குடியேறியிருந்தார். (ஊர் வாயை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.) அங்கே கணவனும் மனைவியும் ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினார்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, உதவிக்கு லண்டன் போனாள் தங்கை.

அந்த வீட்டில்தான் அவளைப் பார்த்தார் கார்ல் ஷுர்ட்ஸ். இவர் கதை தனி சினிமா. 1848 புரட்சியில் கலந்துகொண்டு தோற்று நாட்டைவிட்டு ஓடிய மாணவர். ஓடியவர் சும்மா இருந்தாரா? திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து, ஸ்பாண்டாவ் சிறையில் அடைபட்டிருந்த தன் பேராசிரியர் கிங்கலை, 1850 நவம்பரில் ஒரு ராத்திரி, காவலாளியைச் சரிக்கட்டி, கூரையிலிருந்து கயிற்றில் இறக்கி மீட்டுக்கொண்டு போனார். அப்போது அவருக்கு வயது 21! நம் காலத்தில் புரொஃபசரை ஜெயிலில் போட்டால் பாதி கிளாஸ் ஸ்வீட் வாங்கிக் கொடுக்கும்.

1852 ஜூலையில் லண்டனில் கல்யாணம். அவளுக்கு வயது 18. அடுத்த மாதமே கப்பல். செப்டம்பரில் நியூயார்க். புது நாடு, புது பாஷை, கையில் ஹனிமூன் பெட்டி. முதலில் ஃபிலடெல்ஃபியா. 1853-ல் மூத்த மகள் அகாதே பிறந்தாள்.

பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன். ஜெர்மன்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்த ஊர். கார்லின் அப்பா, அம்மா, தங்கைகள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். ஊருக்கு வெளியே நிலம் வாங்கி வீடு கட்டினார் கார்ல். குடியானவனாவதாகத் திட்டம். ஆனால் மனுஷனுக்கு அரசியல் என்றால் உயிர். அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசக் கிளம்பிவிடுவார். 1857-ல் மாநிலத் துணை கவர்னர் பதவிக்கு நின்று 107 ஓட்டில் தோற்றார். வீட்டில் மாமனார், மாமியார், நாத்தனார், குளிர், கடன். நடுவில் மார்கரெத். ஹாம்பர்க் பெரிய வீட்டுப் பெண்; உடம்பு அடிக்கடி படுத்தும். நடுவில் ஒரு தடவை வைத்தியத்துக்காக லண்டன் போய் வந்தார். நம் ஊர் மருமகள்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1856-ல் அகாதேவுக்கு மூன்று வயது. ஏறக்குறைய என் மகளின் வயது. துறுதுறு. அக்கம்பக்கத்தில் உறவுக்காரக் குழந்தைகள் நான்கைந்து பேர். வீட்டில் ரகளை. வேறொரு அம்மாவாக இருந்தால் “போய் வெளியே விளையாடுங்க” என்று விரட்டியிருப்பார். மார்கரெத் அவர்களைச் சுற்றி உட்கார வைத்து ஃப்ரோபெல் பந்தை எடுத்தார். பாட்டு, வட்டமாக நின்று ஆட்டம், கட்டை அடுக்குவது, காகிதப் பின்னல். எல்லாம் தாய்மொழியான ஜெர்மனில். கேள்விப்பட்டு மற்ற வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை அனுப்ப, ஊருக்குள் ஒரு சின்ன மரவீட்டுக்கு அது இடம் மாறியது.

அவ்வளவுதான். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்ட்டன் என்று சொல்லப்படுவது இதைத்தான். ஃபீஸ் புக், யூனிஃபார்ம், ஆண்டு விழா எதுவும் இல்லை. ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஃப்ரோபெலிடம் பழகிய கரோலின் ஃபிராங்கென்பர்க் என்ற அம்மையார் 1838-லேயே எங்கள் ஊரில் ஆரம்பித்தார் என்பது அவர்கள் கட்சி. 1838-ல் அந்தப் பெயரே பிறக்கவில்லையே என்பது எதிர்க்கட்சி. நாம் நடுவில் போக வேண்டாம்.

வாட்டர்டவுனில் மார்கரெத் தானே முன்னின்று நடத்தியது ஏறத்தாழ இரண்டு வருஷம்தான். கார்ல் வக்கீல் தொழிலுக்கு மில்வாக்கி நகரம் போக, குடும்பமும் போயிற்று. பள்ளியை வேறு கைகள் எடுத்துக்கொண்டன. கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஒரு விருந்து அதைக் காப்பாற்றியது.

1859. கார்ல் பேசுவதற்காக பாஸ்டன் போகிறார். மனைவியும் மகளும் கூடவே. அங்கே ஒரு கூட்டத்தில் எலிசபெத் பீபாடி என்ற ஆசிரியை. கல்வி, எழுத்து என்று அந்த ஊரில் பெயர் பெற்றவர். அவர் கண்ணில் ஆறு வயது அகாதே பட்டாள். மற்றக் குழந்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதட்டாமல், சண்டை போடாமல், அத்தனை அழகாக விளையாட்டை நடத்துகிறாள். பீபாடி அசந்துபோய், இது என்ன அதிசயக் குழந்தை என்று தாயைக் கேட்டார். அதிசயமெல்லாம் ஒன்றும் இல்லை, கிண்டர்கார்ட்டனில் வளர்ந்த பிள்ளை, அவ்வளவுதான் என்றார் மார்கரெத். ‘எல்லாம் என் வளர்ப்பு’ என்று மார்தட்டிக்கொள்ளாத ஒரு தாயை நான் இங்கேதான் பார்க்கிறேன். அன்று ஃப்ரோபெலைப் பற்றி நிறையச் சொன்னார். பிறகு ஃப்ரோபெல் எழுதியதன் முன்னுரையையும் பீபாடிக்கு அனுப்பிவைத்தார்.

பீபாடி சும்மா இருக்கிற ரகம் இல்லை. அடுத்த வருஷமே, 1860-ல், பாஸ்டனில் இங்கிலீஷில் ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிவிட்டார். ஏழு வருஷம் கழித்து ஜெர்மனிக்கே போய் அசல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ‘நான் நடத்தியது சரியில்லை’ என்று தானே ஒப்புக்கொண்டு, திரும்பி வந்து நாடெல்லாம் பிரசாரம் செய்தார். மில்டன் பிராட்லி என்ற கம்பெனிக்காரர் ஃப்ரோபெல் கட்டைகளைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். 1873-ல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் ப்ளோ என்ற பெண்மணி அரசுப் பள்ளியிலேயே கிண்டர்கார்ட்டனைக் கொண்டுவந்தார். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பந்து கிடைத்தது.

இதற்குள் கார்ல் எங்கேயோ போய்விட்டார். லிங்கனுக்காகப் பிரசாரம், ஸ்பெயினுக்குத் தூதர், உள்நாட்டுப் போரில் ஜெனரல், 1869-ல் செனட்டர். ஊரெல்லாம் அவர் பேச்சு. அவர் ஊர் ஊராக உட்கார்ந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களை 1928-ல் புத்தகமாகவே போட்டார்கள். அதைப் படித்தால், அவர் தன் வெற்றிகளையெல்லாம் முதலில் சொல்ல நினைத்தது யாரிடம் என்று தெரிகிறது. மார்கரெத் புத்தகம் எதுவும் எழுதவில்லை. ஹாம்பர்க் நினைப்பும் உடம்பு உபாதையும் அவரை விடவில்லை. ஒரு பெண் குழந்தையைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார். 1876-ல் மகன் ஹெர்பெர்ட் பிறந்தான். அந்தப் பிரசவத்திலிருந்து தாய் எழுந்திருக்கவில்லை. மார்ச் 15-ம் தேதி நியூயார்க்கில் காலமானார். வயது 42.

இரண்டே மாதம் கழித்து, மே 10-ம் தேதி, ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்காவின் நூற்றாண்டுப் பொருட்காட்சி திறந்தது. கிண்டர்கார்ட்டனுக்கும் அங்கே இடம் கொடுத்திருந்தார்கள். ஜனங்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் காட்சியில் ஃப்ரோபெல் கட்டைகளைப் பார்த்த அன்னா ரைட் என்ற தாய் தன் மகனுக்கு ஒரு செட் வாங்கிக் கொடுத்தார். விஸ்கான்சினில் பிறந்த அந்தப் பையன்தான் பின்னால் நியூயார்க்கின் குகென்ஹைம் மியூசியத்தைக் கட்டிய ஃபிராங்க் லாய்ட் ரைட். அந்த மரக்கட்டைகள் தன் விரல்களிலேயே தங்கிவிட்டன என்று வயதான காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். மார்கரெத் அந்தப் பொருட்காட்சியைப் பார்க்கவில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கார்ல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1877-ல் மந்திரியானார். வீட்டைப் பார்த்துக்கொண்டது மூத்த மகள்கள். அதாவது, நம் பாஸ்டன் ‘அதிசயக் குழந்தை’ அகாதேவும் அவள் தங்கையும்.

வாட்டர்டவுன் பள்ளி முதல் உலகப் போர் வரை நடந்தது. போர் வந்ததும் அமெரிக்காவில் ஜெர்மன் என்றாலே ஆகாது என்றாகிவிட்டது. ‘சார்க்ராட்’ என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு ‘சுதந்திர முட்டைக்கோஸ்’ என்று பெயர் மாற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஜெர்மனில் நடந்த அந்தச் சின்னப் பள்ளியும் மூடப்பட்டது. ஆனால் ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரை யாராலும் அசைக்க முடியவில்லை. அது எல்லாத் தெருவிலும் முளைத்துவிட்டிருந்தது. அந்த மரவீட்டை 1956-ல் பெயர்த்து எடுத்துப்போய், ஊரில் உள்ள எண்கோண வீட்டு மியூசிய வளாகத்தில் வைத்தார்கள். போனால் பார்க்கலாம். (விசா இன்டர்வியூ, எல்.கே.ஜி. இன்டர்வியூவைவிடச் சுலபம் என்று கேள்வி.)

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து கிண்டர்கார்ட்டனில் எழுதவே சொல்ல மாட்டார்களாம், தெரியுமா என்றேன்.

“நம்ம ஸ்கூல்ல ஹோம்வொர்க் நோட்டு மட்டும் நாலு,” என்றாள்.

“அதைத்தான் சொல்றேன்...”

“சொல்லிட்டு இருங்க. அவ எங்கே, சத்தத்தையே காணோம்?”

சத்தம் இல்லாவிட்டால் வீட்டில் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். ஓடினோம். பாத்ரூமில் பக்கெட் நிறையத் தண்ணீர். குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். தண்ணீரில் ஒரு கப்பல் மிதந்தது. கத்திக் கப்பல்! நுனி கூர்மையாக, மடிப்பு சுத்தமாக, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காமல்.

“யாருடா கண்ணு சொல்லிக் குடுத்தாங்க?”

“பாட்டி!”

என் அம்மா. அஞ்சாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தியவள். பெருமையாகக் குனிந்து கப்பலைக் கையில் எடுத்தேன். பக்கவாட்டில் ஏதோ நம்பர், ரப்பர் ஸ்டாம்ப், அப்புறம் ‘எல்.கே.ஜி. — அட்மிஷன் ஃபீஸ்’ என்று எழுத்து.

அந்த ரசீதைக் காட்டாமல் யூனிஃபார்ம் தர மாட்டார்களாம். இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு நாளைக்குப் போக வேண்டும்.